மதியம் மூன்று மணிக் காட்சி கேட்டு ஒரு மடல்

புலம்பெயர்ந்த நாடுகளில் திரைப்பட விழா நடத்தும் சங்கங்களுக்கும் அவற்றின் தேர்வுக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் படத்தொகுப்பாளன். சப்டைட்டிலும் போடுவேன். சொந்த நாட்டை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்கள்தான் என்னிடம் அதிகம் வரும். பணம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு, ஆனாலும் விட மனசு வராத வேலை. இதுவரை செய்தவற்றில் நான்கு படங்கள் தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் பற்றியவை. நான்கையும் உங்களைப் போன்றவர்களின் விழாக்களுக்கு அனுப்பினோம். இரண்டுக்குப் பதிலே வரவில்லை. ஒன்றை 'தரம் நன்று, இந்த ஆண்டு இடமில்லை' என்று திருப்பிவிட்டார்கள். நான்காவது தேர்வானது. இந்த மடல் அந்த நான்காவதால் வந்தது. எந்த விழா என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற எல்லோரும் 'நல்லவேளை, நாம் இல்லை' என்று மடலை மூடி வைத்துவிடுவீர்கள்.

படம் 14 நிமிடம். ஒரு பையன், நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்துகொண்டு, வேறு நகரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்கிறான். கதை அவ்வளவுதான். அம்மாவின் முகம் கடைசிவரை வராது, குரல் மட்டும். அவன் சொல்ல வந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் 22 விநாடி மௌனம். எடிட்டிங்கில் 22 விநாடி என்பது ஒரு யுகம். நான் 12 ஆக வெட்டினேன், இயக்குநர் சண்டை போட்டுத் திரும்ப 22 ஆக்கினாள். அவள் செய்ததுதான் சரி. அப்புறம் அம்மா போனை வைத்துவிடுகிறார். அவன் மறுபடி அழைக்கிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது படம் முடிகிறது.

அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் சனிக்கிழமை மாலை நாலரை மணி என்று இருந்தது. இரண்டு நாள் முன்பு 'சிறு மாற்றம்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இரவு பத்தேகால். பரிசளிப்பு முடிந்து, மேடையில் எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்து, தொண்டர்கள் பின்வரிசை நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கிய பிறகு எங்கள் படம் ஓடியது. அந்த 22 விநாடி மௌனத்தில் ஒன்பது நாற்காலிகள் மடங்கின. எண்ணினேன், எடிட்டர் புத்தி. பார்த்தவர்கள் 11 பேர். அதில் நான்கு பேர் நாங்கள்.

மீதி ஏழு பேரில் ஓர் அம்மா இருந்தார். அறுபதைத் தாண்டியவர். படம் பார்ப்பதற்காக உட்கார்ந்தவர் இல்லை. மகன் கார் கொண்டுவரத் தாமதமானதால் வெளியே குளிரில் நிற்காமல் உள்ளேயே இருந்துவிட்டவர். விளக்கு போட்டதும் நேராக என்னிடம் வந்து கேட்டார்: "அந்தப் பையனோட அம்மா அப்புறம் போன எடுத்தாங்களா?"

அவருக்கு என்ன சொன்னேன் என்பது இருக்கட்டும். முதலில் உங்களிடம் பேச வேண்டியது இருக்கிறது.

நேரத்தை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டபோது குழுவில் ஒருவர், நல்ல மனிதர்தான், என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கு." அன்று நாலரை மணிக்கு எங்கள் இடத்தில் ஓடிய படத்தில், வேண்டாம் என்று சொன்ன பெண்ணை நாயகன் பாதிப் படம் துரத்துகிறான், மீதிப் படத்தில் ஏழு பேரைக் கொல்கிறான். சின்னப் பிள்ளைகள் அப்போதும் இருந்தார்கள். எங்கள் படத்தில் ஒரு முத்தம்கூடக் கிடையாது. ஒரு கார், ஒரு போன்.

இன்னொருவர் கேட்டார், "அதுக்குன்னு தனியா விழா நடக்குதே, அங்க அனுப்பலாமே?" அனுப்புகிறோம் ஐயா. சான் பிரான்சிஸ்கோவில் 1977இலிருந்து நடக்கிறது, லண்டனில் 1986இலிருந்து நடக்கிறது. இப்போது பெரிய நகரங்கள் பலவற்றில் உண்டு. அங்கே எங்களை மரியாதையாக நடத்துகிறார்கள், நல்ல நேரம் தருகிறார்கள், கைதட்டுகிறார்கள். ஆனால் அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏற்கனவே சம்மதித்தவர்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லிப் புரியவைக்க ஒன்றும் இல்லை. படம் யாரைப் பார்த்துப் பேசுகிறதோ அந்த அம்மா அங்கே வருவதில்லை. அவர் வருவது உங்கள் அரங்குக்கு. பக்கத்து வீட்டுக்காரரோடு, அக்கா தங்கையோடு, மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து உட்காருகிறார்.

அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. படம் முடிந்த பின் கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர் இரக்கமாகக் கேட்பார்: உங்கள் சமூகத்தில் இது ரொம்பக் கஷ்டமாக இருக்குமே? அந்தக் கேள்விக்கு எங்களால் 'ஆமாம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. 'ஆமாம்' என்றால் உங்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி. 'இல்லை' என்றால் படமே பொய். கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்களுக்காக வக்காலத்து வாங்கிவிட்டு இறங்குவோம். இது உங்களுக்குத் தெரியாது. உங்கள் காதுக்கு வந்து சேருவது, 'நம்ம மானத்தை அவங்க முன்னால வாங்கிட்டான்' என்பது மட்டும். வீட்டுச் சண்டையை வீட்டுக்குள் போட இடம் தராமல், தெருவில் நின்று கத்துகிறான் என்று கோபித்துக்கொண்டால் என்ன செய்வது?

இந்தக் கோபம் புதிதும் இல்லை. 1985இல் 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' வந்தது. பாகிஸ்தானிய வம்சாவளியில் இங்கிலாந்தில் பிறந்த ஹனீஃப் குரேஷி எழுதி, ஸ்டீபன் ஃபிரியர்ஸ் இயக்கியது. சேனல் 4 தொலைக்காட்சிக்காக 16 மி.மீ. ஃபிலிமில் சிக்கனமாக எடுத்த படம். எடின்பரோ விழாவில் கிடைத்த வரவேற்புக்குப் பிறகுதான் தியேட்டருக்குப் போனது. குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவனும் வெள்ளைக்காரப் பையன் ஒருவனும் காதலிக்கிறார்கள், சேர்ந்து ஒரு சலவைக் கடையை நடத்துகிறார்கள். நியூயார்க்கில் பாகிஸ்தானியர் சிலர் பலகை பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசலில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்களில் இப்படி யாரும் இல்லை என்பது வாதம். நாற்பது வருடம் ஆகிவிட்டது. பலகைதான் இல்லை. அந்த வேலையை இப்போது ஒரு மின்னஞ்சல் செய்துவிடுகிறது, 'சிறு மாற்றம்' என்று.

'எங்களில் யாரும் இல்லை' என்பதற்குப் பதில் படமாகவே இருக்கிறது. டிரினிடாடில் பிறந்து டொராண்டோவில் குடியேறிய சீன வம்சாவளிக்காரர் ரிச்சர்ட் ஃபங். அவர் 1984இல் எடுத்த ஆவணப்படத்தில் ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் கேமராவைப் பார்த்து இயல்பாகப் பேசினார்கள். தங்கள் வேலையை, வீட்டை, காதலை. முப்பது வருடத்துக்குப் பிறகு அவர்களில் சிலரைத் தேடிப் போய் மறுபடி பேசவைத்து, 2016இல் இன்னொரு படமும் எடுத்தார். இளமையில் கறுப்பு முடியோடு பேசியவர்கள் நரைத்த தலையோடு அதே கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். குடியேறிய சமூகங்களின் சரித்திரத்தை எழுதும் சங்க மலர்களில் இதற்கு ஒரு பக்கமாவது உண்டா?

இன்னொன்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அதே டொராண்டோவில் 1988இல், 'குஷ்' என்ற பெயரில் இயங்கிய தெற்காசிய தன்பாலீர்ப்பு ஆண்களின் குழு ஒரு கலை விழா நடத்தியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'தேஷ் பர்தேஷ்' என்ற விழா. 2001 வரை நடந்தது. தெற்காசியப் புலம்பெயர்ந்தோரின் சினிமா, நாடகம், எழுத்து எல்லாவற்றுக்கும் அங்கே மேடை கிடைத்தது. அதாவது, நீங்கள் இன்று நடத்துவது போன்ற விழாவை அன்று நம் எல்லோருக்கும் நடத்திக் காட்டியவர்களில் நாங்களும் உண்டு. அந்த வரலாறு தெரிந்துவிட்டு பத்தேகால் மணியை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

குஷ் என்றால் மகிழ்ச்சி. 'கே' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் பழைய பொருள் அதுதானே, அதை அப்படியே உருதுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிரதிபா பர்மார் 1991இல் பிரிட்டனின் சேனல் 4க்காக எடுத்த ஆவணப்படத்துக்கும் பெயர் 'குஷ்'. பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ளவர்கள் அதில் பேசுகிறார்கள். தமிழிலும் ஒரு படத் தலைப்பு அந்த வழியில் போயிருக்கிறது: லோகேஷ் குமார் எடுத்த 'என் மகன் மகிழ்வன்', 2017.

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. எங்கள் 14 நிமிடப் படத்தில் என்னை இரண்டு இரவு தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு வரி சப்டைட்டில். அந்தப் பையன் அம்மாவிடம் எல்லாவற்றையும் தமிழில் பேசுகிறான், உடைந்த தமிழ்தான், ஆனாலும் தமிழ். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறான்: "அம்மா, ஐ ஆம் கே." சின்ன வயதில் இங்கே வந்தவனுக்கு வீட்டு மொழியில் அந்தச் சொல் கொடுக்கப்படவே இல்லை. யார் கொடுத்திருப்பார்கள்? சரி, திரையின் கீழே தமிழில் என்ன போடுவது? திரையில் மூன்று விநாடி நிற்கும் வரி. 'தன்பாலீர்ப்பாளன்' என்று போட்டுப் பார்த்தேன். சரியான சொல்; கட்டுரையில் நானே எழுதுகிறேன். சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் தமிழக அரசு 2022இல் இப்படியான சொற்களுக்கு ஒரு பட்டியலே வெளியிட்டது, நல்ல காரியம். ஆனால் எந்தப் பையன் தன் அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லுவான்? கோப்பு எண் கேட்பது மாதிரி இருந்தது. 'கே' என்றே விட்டால் தமிழ் எழுத்தில் ஒற்றை எழுத்தாக நிற்கிறது, பத்திரிகைப் பேட்டியில் கேள்விக்கு முன்னால் போடும் 'கே' போல. 'மகிழ்வன்' என்றால் அம்மாவுக்குச் சந்தோஷச் செய்தியாகத் தெரியும்.

அப்போதுதான், என் அம்மாவிடம் நான் எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று யோசித்தேன். எதையும் சொல்லவில்லை. 'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, பதினாறு வருடமாக அதே வாக்கியத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் போட்ட வரி: "அம்மா, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராதும்மா." அதைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் இது என்ன பெரிய விஷயம் என்பீர்கள். இதுதான் விஷயமே. ஒரு குடும்பத்துக்குள் இல்லாத வாக்கியத்தை ஒரு படம் செய்து கொடுக்கிறது. அடுத்த தடவை ஒரு பையன் போனைக் கையில் எடுக்கும்போது, ஏற்கனவே யாரோ ஒருவன் சொல்லிக் கேட்ட வாக்கியம் அவனிடம் இருக்கும். அந்த அம்மாவும் ஒரு தடவை கேட்டிருப்பார். அதற்கு இருவரும் ஒரே அரங்கில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை.

பெற்றோருக்குப் புரியாது, அதிர்ச்சியாகிவிடுவார்கள் என்கிறீர்கள். 1993இல் ஆங் லீ எடுத்த 'தி வெட்டிங் பாங்க்வெட்' பார்த்திருப்பீர்கள். பெர்லினில் தங்கக் கரடி விருது பகிர்ந்துகொண்ட படம். அமெரிக்காவில் காதலனோடு வாழும் தைவான் இளைஞன், ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காக ஒரு பெண்ணோடு பொய்க் கல்யாணம் செய்கிறான். ஆங்கிலம் தெரியாத கிழவர் என்று நினைத்து அவர் முன்னாலேயே எல்லாம் பேசுகிறார்கள். கிழவருக்குத் தெரிந்திருக்கிறது. மகனிடம் காட்டிக்கொள்ளாமல், மகனின் காதலனிடம் மட்டும் சொல்கிறார், அதுவும் ஆங்கிலத்தில். நம் வீடுகளில் உள்ள பெரியவர்களை நீங்கள் கொஞ்சம் குறைத்து எடைபோடுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அலிஸ் வூ 2004இல் 'சேவிங் ஃபேஸ்' எடுத்தபோது மனதில் வைத்திருந்தது தன் அம்மாவை. சீன அமெரிக்கக் குடும்பம், வசனத்தில் கணிசமான பகுதி மாண்டரின் என்ற சீன மொழி. நாயகியை வெள்ளைக்காரியாக மாற்றலாமே என்ற யோசனைகளுக்கு அவர் இறங்கி வரவில்லை. அம்மா கேட்க வேண்டிய படம் அம்மாவின் மொழியில்தானே இருக்க முடியும்.

மொழி என்றதும் 'ஃபன்னி பாய்' ஞாபகம் வருகிறது. ஷ்யாம் செல்வதுரை கனடாவிலிருந்து எழுதி 1994இல் வெளியான நாவல்; தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். கொழும்பில் வளரும் தன்பாலீர்ப்புள்ள தமிழ்ப் பையன், 1983 கலவரம், நாட்டை விட்டுக் கிளம்பும் குடும்பம். முக்கிய வேடங்களில் தமிழர் அல்லாதவர்கள் நடித்ததும், தமிழ் வசனம் தமிழர் காதுக்கு ஒட்டாமல் இருந்ததும் பெரிய சர்ச்சையானது. கனடா அதை ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்ப, பாதிக்கு மேல் வசனம் ஆங்கிலம் என்று அந்தப் பிரிவிலிருந்து தள்ளிவிட்டார்கள். தமிழர்களுக்குத் தமிழ் போதவில்லை, ஆஸ்கர்காரர்களுக்கு ஆங்கிலம் அதிகம்! அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. நம் கதையில் நம் குரல் நம்முடையதாக ஒலிக்க வேண்டும். ஆனால் அன்று கண்டன அறிக்கைக்குக் கையெழுத்துத் தேடியவர்களிடம் ஒன்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன், இப்போது கேட்கிறேன். சரியான உச்சரிப்போடு, நம் பிள்ளைகளே நடித்து, நம் பிள்ளைகளே எடுத்த படம் வந்தபோது அதை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?

கேமரா விஷயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும், இது கொஞ்சம் அவசரம்.

புதிதாக வந்து இறங்குகிறவனுக்குத் தங்க அறை, முதல் வேலை, படிவம் நிரப்பித் தர ஆள் எல்லாமே நம்மவர் மூலமாகத்தான் கிடைக்கிறது. சங்கம் அவனுக்கு அந்த நாட்டின் வாசற்படி. அங்கே ஒரு பேச்சு கிளம்பினால் அறையும் வேலையும் ஒரே வாரத்தில் போய்விடும், செய்தி அதற்கு முன்பே ஊருக்குப் போயிருக்கும். அதனால்தான் எங்களில் பலர் கேமரா முன்னால் வருவதில்லை. நடிகர் ஒருவர் முகம் கொடுக்க, பின்னால் நின்று நாங்கள் பேசுகிறோம். 'ஃப்ளீ' என்ற 2021 ஆண்டுப் படம் ஆப்கானிஸ்தானிலிருந்து தனியாக டென்மார்க் வந்து சேர்ந்த ஒருவரின் உண்மைக் கதை. அவருடைய பள்ளிக் காலத்து நண்பர் ஜோனாஸ் போஹர் ராஸ்முசன் இயக்கினார். முகம் தெரியாமல் இருக்கப் பெயரை மாற்றி, பெரும்பாலும் அனிமேஷனில் எடுத்தார்கள். குரல் மட்டும் அவருடையது. ஆவணப்படம், அனிமேஷன், சர்வதேசப் படம் என மூன்று பிரிவுகளிலும் ஒரே ஆண்டில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் படம் அது.

இதற்கு நேர் எதிரான அறையும் ஒன்று இருக்கிறது. தன்பாலீர்ப்பின் காரணமாகத் தஞ்சம் கேட்பவர் அதிகாரியின் முன் அதை நம்பவைக்க வேண்டும். நெதர்லாந்தில் அப்படித் தஞ்சம் கேட்ட ஒருவர் தன் அந்தரங்கத்தின் வீடியோவையே சாட்சியமாகக் கொடுத்தார். அப்படிப்பட்ட வீடியோக்களை ஏற்கக் கூடாது, அது மனித கண்ணியத்துக்கு விரோதம் என்று 2014 டிசம்பர் 2 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வாசலில் காட்டச் சொல்கிறார்கள், இன்னொரு வாசலில் மறைக்கச் சொல்கிறார்கள். ஒரே ஆள் காலையில் அங்கும் மாலையில் உங்கள் விழாவிலும் இருந்திருக்கலாம். அன்றிரவு உங்கள் போட்டோகிராபர் எங்கள் வரிசையைப் பார்த்து ஃபிளாஷ் அடித்தபோது, என் பக்கத்தில் இருந்த ஒருவர் கீழே விழுந்த எதையோ எடுப்பது போலக் குனிந்தார். எதுவும் விழவில்லை. அடுத்த நாள் அந்தப் படங்கள் எல்லாம் முகநூலில் இருந்தன.

ஆகவே, எங்கள் படம் ஓடும்போது பார்வையாளர்களைப் படம் எடுக்க வேண்டாம். கேள்வி-பதிலை நேரலை செய்வதென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 'சிறப்புப் பிரிவு' என்று தனியே ஒதுக்கவும் வேண்டாம், இரண்டு சாதாரணப் படங்களுக்கு நடுவில் போட்டால் போதும். அறிவிப்பாளர் 'மிகத் துணிச்சலான முயற்சி' என்றெல்லாம் முன்னுரை சொல்லும்போது அரங்கமே உஷாராகி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. படத்தின் பெயரைச் சொல்லி விளக்கை அணையுங்கள். தேர்வுக் குழுவில் எங்களில் ஒருவருக்கு இடம் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டாலும் ஏற்கனவே ஒருவர் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல். காசு கொஞ்சம் ஒதுக்க முடிந்தால் தாய்மொழி சப்டைட்டிலுக்கு ஒதுக்குங்கள். வெளியே அனுப்பும் ஆசையில் எல்லோரும் ஆங்கில சப்டைட்டிலுக்குத்தான் செலவழிக்கிறோம். மூன்றாவது வரிசைக்கு அது உதவாது.

சரி, அந்த அம்மா.

போன் எடுத்தாங்களா என்று கேட்டவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "தெரியலம்மா, படம் அதோட முடிஞ்சிடுது" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் வெறும் திரையைப் பார்த்தார். "எடுத்திருப்பாங்க," என்றார். "உடனே இல்ல. ஒரு நாலு நாள் கழிச்சு." வாசலில் ஹாரன் அடித்தது, போய்விட்டார்.

நாலு நாள் என்று அவ்வளவு கணக்காக ஏன் சொன்னார் என்று இயக்குநரிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டாள். இப்போது இரண்டாவது படம் என் டைம்லைனில் இருக்கிறது. இதில் பையனின் முகம் இல்லை. அந்த நாலு நாள் அம்மா என்ன செய்கிறார் என்பதுதான் படம். 19 நிமிடம் வருகிறது, 16 ஆக்கப் பார்க்கிறேன்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் 'திரையிட விரும்பும் நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன தடவை மரியாதைக்காக அதைக் காலியாக விட்டோம். இந்தத் தடவை மதியம் மூன்று மணி என்று எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளன்